வீட்டாண்ட வேணாம்

ஆம்பூரில் எனக்கு பைக் விற்றவர் தோல் தொழிற்சாலையில் சாயம் போடுபவர், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. இறந்துபோன மகனின் வண்டி, அதிகம் ஓடாதது. வெள்ளிதோறும் துடைத்துப் பொட்டு வைத்தாரே தவிர, ஒருநாளும் ஸ்டார்ட் செய்ததில்லை.

நான் கிக்கரை மிதிக்கப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டாண்ட வேணாம் சார். சத்தம் கேட்டா, புள்ள வந்துட்டான்னு அவன் அம்மா சோறு போட எழுந்துடுவா."

மெக்கானிக் கடைவரை இருவரும் தள்ளிக்கொண்டு போனோம். மெக்கானிக் கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, கார்பரேட்டரைக் கழுவி மாட்டியதும், வண்டி இருமி இருமிப் பிறகு சீராக ஓடியது. அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அங்க கேக்குமா சார்?"

"கேக்காதுங்க."

துண்டால் டேங்கைத் துடைத்தார். "இன்னொரு வாட்டி ஆக்ஸிலேட்டர முறுக்கச் சொல்லுங்க சார்."