மூடியைப் பிடித்திருந்தவர்

மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அவர். நெற்றியில் காலையில் இட்ட திருநீறு, கையில் ஷேவிங் பிரஷ். வீட்டில் காய்ச்சிய பீரை எஃகுப் பீப்பாயில் அடைத்து, அதில் ஏற்றிய கார்பன் டை ஆக்ஸைடு கேஸ் கசிகிறதா என்று இணைப்புகளில் அந்த பிரஷால் சோப்பு நுரை தடவுவார். பிறகு, தூங்கும் குழந்தையின் மூச்சைக் கேட்பதுபோல் காதை வைப்பார்.

வேலையும் விசாவும் போன அவருடைய நண்பன் ஊருக்கே திரும்புகிறான். கிளம்புமுன் அந்த பீரில் ஒரு கிளாஸ் தருவதாக அவனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கடைசி கேஸ் சிலிண்டரும் காலியாகிக்கொண்டிருந்தது; கேஸ் போனால் பீர் சப்பென்றாகிவிடும். மறுநாள் ஞாயிறு, கேஸ் கடை திறக்காது.

அன்றிரவு நான் பீப்பாய்மேல் டார்ச் அடித்தேன். மூடியைச் சுற்றி நுரை கொப்பளித்தது. விளிம்பில் எண்ணெய்ப் பளபளப்பு.

"மூடி ரப்பர்ல என்ன தடவினீங்க?"

"நல்லெண்ணெய் சார். குக்கர் கேஸ்கட்டுக்குத் தடவுவோமே..."

"இருங்க, விசிலும் வரும்," என்றார் கதவருகே நின்ற அவர் மனைவி.

எண்ணெய் குடித்த ரப்பர் உப்பியிருந்தது. உள்ளிருந்து மேல்நோக்கி அழுந்தி அடைக்கும் மூடி அது. அவர் அதன் பிடியை இரு கைகளாலும் மேலே இழுத்தார்; நுரை நின்றது. தளர்த்தியதும் மறுபடி கிளம்பியது. மறுபடி இழுத்தார்.

"இப்படிப் பிடிச்சா நிக்குது சார்."

"எவ்வளவு நேரம் பிடிப்பீங்க?"

"அவன் நாளைக்கு அஞ்சு மணிக்குத்தான் வர்றான்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன. டார்ச்சை அணைக்காமல் நின்றேன்.