கொக்கிக்குக் கீழே நின்றவர்

கலியமூர்த்திக்கு ஐம்பத்து மூன்று வயது. முழங்கால்கள் இரண்டும் அவரை முந்திக்கொண்டு ஓய்வு கேட்டன. ஆனாலும் தினமும் மேனாம்பேட்டிலிருந்து சைக்கிள் மிதித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள கம்பெனிக்கு வந்துவிடுவார். காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக்குள் அனுப்பி, அது திரும்பி வருவதைத் திரையில் பார்த்து, உள்ளே விரிசல் உண்டா என்று சொல்வதுதான் அவர் வேலை. விரிசல் இருந்தால் திரையின் நடுவில் ஒரு பச்சைக் கோடு எழும்பும்.

கிரேன் கொக்கியை ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் பார்ப்பார்கள். வருஷத்தில் அன்று ஒருநாள்தான் அது சும்மா தொங்கும். கலியமூர்த்தி கொக்கிக் கழுத்தின் உச்சியில் கிரீஸ் தடவி, கருவியை வைத்துப் பார்த்து, 'நல்லது' என்று கையெழுத்துப் போடுவார். சந்தனமும் குங்குமமும் அதற்கப்புறம். பதினோரு வருஷமாக இதே கதைதான்.

1992-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவருக்குச் சாப்பிடும்போதுதான் ஒன்று தோன்றியது. பாரம் தூக்கித் தூக்கி அலுத்துப்போன இரும்பில் மயிரிழையாகத்தான் கீறல் விழும். பாரம் இறங்கியதும் அது ஒட்டி மூடிக்கொள்ளும். ஒலி தடையில்லாமல் கடந்து போய்விடும். சும்மா தொங்குகிற கொக்கியைக் கேட்டால் 'நன்றாயிருக்கிறேன்' என்றுதானே சொல்லும்! இத்தனை வருஷமும் இது உறைக்காமல் போயிற்றே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்தக் கொக்கிக்குக் கீழே நின்று சங்கிலி மாட்டுகிறவர் துலுக்கானம். மூன்று பெண்களைப் பெற்றவர்.

பூஜை முடிந்த மறுநாள் ஃபோர்மன் பரந்தாமனிடம் போய் நின்றார்.

"பாரத்த மாட்டி ஒரு சாண் தூக்குங்க சார். இன்னொரு தடவ பாத்துடறேன்."

"இன்னாய்யா, கையெழுத்து போட்டுட்டியே! வெளிய லாரி நின்னுகினு கீது."

"அந்தக் கையெழுத்துதான் சார் தப்பு."

பரந்தாமன் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். எல்லோரையும் விலக்கிவிட்டுப் பாரத்தைத் தூக்கினார்கள். கழுத்தின் முதல் திருகு மரை இருக்கும் இடத்தில் பச்சைக் கோடு எழுந்து நின்றது. கொக்கியைக் கழற்றி அறுத்துப் பார்த்தபோது விரிசல் பாதிக் கழுத்துவரை ஓடியிருந்தது.

பாராட்டு வரவில்லை, மெமோ வந்தது. இவ்வளவு விரிசல் ஒரு நாளில் வந்திருக்காதே, போன வருஷம் 'நல்லது' என்று எழுதியது எப்படி என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். நாலு வரி பதில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

அறுத்த கொக்கியின் பக்கத்தில் துலுக்கானம் குந்தியிருந்தார்.

"போன வருசமே இது இப்டித்தான் இருந்துச்சா, அண்ணாத்தே?"

"இருந்திருக்கும்."

"ஒரு வருசமா நான் இதுக்குக் கீயதான நின்னுகினு இருந்தேன்?"

குரலில் கோபமே இல்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கலியமூர்த்திக்கு.