ஒன்றாம் இலக்கப் பெட்டி

ஐம்பதுகளின் நடுவில் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. துறைமுகத்தை நான் பார்த்ததில்லை; அதனால் அதைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன.

பெட்டிகளைக் கொண்டுபோனவர் ஹட்டன் கடைவீதி முஸ்லிம் ஒருவர். சொந்த லொறி, அவரே சாரதி. நானா என்போம். நடுச்சாமத்திலேயே புறப்பட்டாலும், பெட்டிகளை ஒப்படைக்க அவருக்குச் சாயங்காலமாகிவிடும். இரண்டு முறை கப்பல் போய்விட்டது. இன்னொரு முறை தவறினால் வேலை வேறு லொறிக்கு என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டி, லொறி எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன்.

நானா அதை மரியாதையாக மடித்து வைத்துக்கொண்டார். "ஒருக்கா கூட வந்து பாருங்களேன் ஐயா."

போனேன். வழியில் தாமதமே இல்லை, தாமதம் இறக்குமிடத்தில். அங்கே சரிபார்ப்பவர் பெட்டிகளை ஒன்றாம் இலக்கத்திலிருந்து வரிசையாகத்தான் குறிப்பார். எங்கள் தோட்டத்திலோ முதல் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து முதலில் ஏற்றுவது வழக்கம். ஆகவே அது லொறியின் உள்மூலையில். மற்ற ஐம்பத்தொன்பதையும் இறக்கி அடுக்கிய பிறகே பொட்டோடு தரிசனம் தந்தது. கப்பல் மறுநாள்தான் என்பதால் அன்று தப்பினோம்.

"தெரிஞ்சும் ஏன் நானா சொல்லல?"

"நான் சொன்னா சாமி விசயத்துல கை வைக்கிறான்னு வரும். நீங்க சொன்னா அறிவு."

நானாவின் அடுத்த பயணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கப்பல் அன்று மத்தியானத்தோடு பாரம் ஏற்றுவதை நிறுத்திவிடும். பெட்டி ஏற்றும் ஆட்களின் கங்காணியிடம் அரைமணி நேரம் விளக்கினேன்.

"மொதப் பெட்டியக் கடைசில ஏத்துனா வெளங்குமாங்க?" என்றார்.

அறிவு தோற்றதும் வேறு வழியில் போனேன். "பொட்டு வச்ச பெட்டி கொழும்புல மொத ஆளா எறங்கணுமா, கடைசி ஆளாவா?"

"மொத ஆளாத்தான்."

"எறங்கற வாசல் எந்தப் பக்கம்?"

கங்காணி லொறியின் பின்புறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பினார். "அறுவதுலேருந்து தூக்குங்கடா! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

நானும் கூடப் போனேன். பத்து மணிக்குள் லொறி காலி, கப்பல் கிடைத்தது. வேலை நானாவிடமே இருக்கட்டும் என்றார் துரை. அதைக் கேட்டதும் நானா ஆபீசுக்கே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்த பயணம் நீங்க வர வேணாம் ஐயா. நீங்க குந்துற எடத்துல ரெண்டு பெட்டி வைக்கலாம்."