வெளுத்துப்போன அலமாரி

அன்று பின்கட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. என் தங்கை. தங்கையின் புருஷன். பக்கத்துச் சோற்றுக்கடை பாய். அவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். நடுவில் அலமாரி. ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயில் பூசை முடிந்து வந்த நேரம்.

அலமாரிக் கதவு வெள்ளையாகப் பூத்திருந்தது. முதல் நாள் நான் பூசிய பாலிசு. பூசும்போது தேன் நிறமாக இருந்தது. காலையில் பார்த்தால் சாம்பலை அப்பிய மாதிரி இருந்தது.

அந்த அலமாரியை லெலாங்கில் எடுத்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குப் போகும்போது வீட்டுச் சாமானை ஏலம் விட்டார்கள். தேக்கு என்றார்கள். நான் நம்பவில்லை. அடிப்பக்கத்தை நகத்தால் கீறி மோந்து பார்த்த பிறகுதான் கையைத் தூக்கினேன். ஒரு கால் மட்டும் வேறு மரம். அதை வீட்டுக்கு வந்துதான் கண்டேன்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குவது என் வேலை. தச்சு தெரியாது. பழைய சாமான் விற்கும் சந்தில் ஒரு உளி, ஒரு இழைப்புளி, பிடி இல்லாத ரம்பம் ஒன்று வாங்கினேன். விற்றவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இழைப்புளியின் இரும்பைக் கழற்றிப் பார்த்தேன். தேய்ந்து பாதிதான் இருந்தது. அதை வைத்தே இழைத்தேன். ரம்பத்துக்கு நானே பிடி போட்டேன்.

பழைய பாலிசை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு அவல் மாதிரித் தட்டையாக இருக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சை வைத்துக் கட்டி, தொட்டுத் தொட்டுப் பூச வேண்டும். காயக் காயத் திரும்பவும் பூச வேண்டும். ஸ்பிரிட்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அலமாரி தங்கைக்கு. அவள் புருஷன் குடித்தவன். கல்யாணமான இரண்டாம் வருடம் அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவனும் பின்னாலேயே வந்தான். புக்கிட் மெர்தாஜாம் கோயில் திருவிழாவில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவனுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். தோட்டம் என்றால் கள்ளுக்கடை இருக்கும். நான் சொன்னேன்: அலமாரி முடிகிறவரை என் கண் முன்னால் இரு. சுத்தமாக இருந்தால் அலமாரியோடு அவளையும் அனுப்புகிறேன். இல்லாவிட்டால் நீ மட்டும் போ.

சரி என்றான். அவனும் உப்புத்தாள் பிடித்தான். நன்றாகத்தான் தேய்த்தான்.

ஸ்பிரிட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. குடித்துப் பழகியவனுக்கு எதுவும் ஒன்றுதான். பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் நகத்தால் கோடு போட்டு வைத்தேன். எடுக்க எடுக்கப் புதுக் கோடு. காலையில் எழுந்ததும் முதல் வேலை அந்தக் கோட்டைப் பார்ப்பது. அளவு சரியாக இருக்கும். ஒரு நாள்கூடப் பிசகாமல் சரியாக இருந்ததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அவன் எந்நேரமும் கிராம்பு மென்றான். எதற்குக் கிராம்பு? என் தச்சுப் பென்சில் வைத்த இடத்தில் இருக்காது. வேறு இடத்தில் கிடக்கும். கேட்டால், "தெரியல மச்சான்" என்பான்.

அப்படி இருக்கும்போதுதான் கதவு வெளுத்தது.

"மழை ஈரமா இருக்கும்ங்க," என்றாள் மனைவி.

"நேத்து ஏது மழை?"

பாய் பாட்டிலைத் திறந்து மோந்தார். அவர் கடையில் எண்ணெய் அடுப்பைச் சூடாக்க ஸ்பிரிட்டுதான் ஊற்றுவார்கள். "ஒரு செரட்டை கொண்டாம்மா," என்றார். தங்கை எடுத்து வந்தாள். பாட்டிலைப் பார்க்காமலே நீட்டினாள். புருஷனுக்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் ஊற்றிக் கொளுத்தினார். வெயிலில் சுடர் தெரியவில்லை. சூடு மட்டும் முகத்தில் அடித்தது. அணைந்ததும் சிரட்டையைச் சாய்த்துக் காட்டினார். அடியில் தண்ணீர் நின்றது.

"பாத்தியா தம்பி? நல்ல சரக்கா இருந்தா ஒட்டக் காஞ்சிருக்கும் லா. இதுல பாதி பைப்புத் தண்ணி. அதான் வெளுத்துப்போச்சு."

"கடைக்காரன் கலந்திருப்பான்," என்றாள் மனைவி.

"மொதல்ல பூசினது வெளுக்கலையே," என்றேன்.

குடித்துவிட்டுக் குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பது குடிகாரன் வழக்கம். துறைமுகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கை புருஷன் பக்கம் திரும்பினேன்.

"மாப்ளே, வாய ஊது."

"எதுக்கு மச்சான்?"

"ஊதுன்னா ஊது."

ஊதினான். கிராம்பு வாசம்.

"இதுக்குத்தான் கிராம்பா?"

"பல்லு வலி மச்சான்."

"ரெண்டு மாசமா ஒரே பல்லு வலிக்குதா?"

"புடுங்கிப் போடு லா அந்தப் பல்ல," என்று பாய் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"நீ மட்டும் கெளம்பு," என்றேன்.

"அண்ணே," என்றாள் தங்கை. "தண்ணி ஊத்தினது நான்."

பாய் பாட்டிலைக் கீழே வைத்தார். அவளே சொன்னாள்.

"தெனமும் கொஞ்சம் எடுத்துச் சாக்கடையில கொட்டுவேன். நீங்க போட்ட கோடு வரைக்கும் தண்ணி ரொப்பி வைப்பேன். இவரு எடுத்துக் குடிச்சாலும் ஏறக் கூடாதுன்னுதான்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"அவரு அண்ணன். சந்தேகப்படலாம். நீ?" என்றான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

திரும்பி வரவில்லை. இரண்டு நாள் கழித்து, அவன் அந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த ஒருவன் சொன்னான். நான் ஆள் விடவில்லை. புது ஸ்பிரிட்டு வாங்கி, வெளுத்ததைச் சுரண்டி, முதலிலிருந்து பூசினேன். கோடு போடவில்லை. தங்கை அலமாரிப் பக்கமே வரவில்லை.

கீழ் இழுப்பறை சிக்கியது. இழைக்கலாம் என்று கவிழ்த்தேன். பாலிசு படாத அடிப்பலகையில் பென்சில் கோடுகள், வரிசையாக. என் தச்சுப் பென்சில்தான். எண்ணினேன். ஐம்பத்தெட்டு. சுவரில் தொங்கிய கோயில் காலண்டரில் சத்தியம் செய்த நாளிலிருந்து விரல் வைத்து எண்ணினேன். அவன் போன ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை வரை ஐம்பத்தெட்டு நாள்.

ஒரே மூச்சில் உட்கார்ந்து போட்டிருப்பானோ என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் வரிசை ஒரே கையாக இருந்தது. அலமாரி வருவதற்கு முந்தின நாட்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறான். அதற்குப் பிறகு ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் போட்டது. கோடு இருந்த இடத்தில் இழைப்புளி படாமல் ஓரத்தை மட்டும் இழைத்தேன்.

அவன் போன பிறகு வந்த இரண்டாவது ஞாயிறு, அலமாரியையும் தங்கையையும் கடல் தாண்டும் பெரிப் படகில் ஏற்றினேன். அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயில். அங்கிருந்து மாட்டுவண்டி. அவன் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தான். வா என்று சொல்லவில்லை. எழுந்து அலமாரியின் மறுமுனையைப் பிடித்தான்.

உள்ளே இறக்கியதும் கீழ் இழுப்பறையை உருவிக் கவிழ்த்தான். கோடுகள் இருந்தன. பென்சில் என் சட்டைப் பையில் இருந்தது. நீட்டினேன். வாங்கி, குந்தி உட்கார்ந்து, ஐம்பத்தெட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் இடம் விட்டு, அதற்கப்புறம் கோடு போட ஆரம்பித்தான். நான் கூடவே எண்ணினேன். நேற்று வரை பதினான்கு வர வேண்டும். பதின்மூன்றில் நிறுத்தினான்.

"ஒண்ணு கொறையுது மாப்ளே."

"தெரியும் மச்சான்." விட்ட இடத்தில் விரலை வைத்தான். "உங்க வீட்ட விட்டு வந்த அன்னிக்கிக் குடிச்சேன்."

தங்கை கதவருகே மூட்டையோடு நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. நான் அவளைப் பார்த்தேன். கூட்டிக்கொண்டு திரும்புவதற்கும் ரயில் இருந்தது.

"நீங்க கெளம்புங்கண்ணே," என்றாள். "அடுப்புப் பத்த வைக்கணும்." மூட்டையை இறக்கி அலமாரிக்குள் வைத்தாள்.

கிளம்புமுன் கோடுகளை இன்னொரு தடவை எண்ணினேன். எழுபத்தொன்று.