பதினோராம் அத்தியாயத்தில் பெரியப்பா

சொந்தச் செலவில் நாவல் போடுகிறவருக்கு விமர்சகர்களால் ஆபத்தில்லை, சொந்தக்காரர்களால்தான். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும்.

பஸ்ஸில் ஓர் அழுகை

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ். அந்தப் பயணத்தில்தான் என் முதல் நாவலை மடியில் வைத்து எழுதினேன். வரப்பை வெட்டி நகர்த்தித் தம்பி நிலத்தைத் தின்கிற அண்ணனின் கதை. அவனை நாலு சாத்து சாத்தத்தான் பேனாவை எடுத்தேன். அவனோ என் பேச்சைக் கேட்கவில்லை. தானாகப் பேசினான், தானாக வருந்தினான். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! மலை வளைவில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் புளி மூட்டையோடு இருந்த அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா டீச்சர், பசங்க அவ்ளோ மோசமாவா பரிச்ச எழுதிக்கீதுங்க?"

தேங்காயோடு ஒரு நாவல்

அச்சாகி வந்த புத்தகங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன. தங்கை மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாம்பூலப் பையில் ஆளுக்கொரு நாவலும் போடலாம் என்றார் கணவர். போட்டோம்.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பா போனதிலிருந்து, வரப்புத் தகராறில் அம்மாவோடு பேசாதவர். அன்று அம்மாவிடம், "நல்லாக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டார். அம்மாவின் முகம் மலர்ந்ததில் எனக்கு நாவல் வந்ததைவிட மகிழ்ச்சி. விருந்து முடிந்து கிளம்பும்போது என் அத்தை ஒருவர் பையைத் துழாவிவிட்டுச் சொன்னார்: "புக்கு இன்னாத்துக்கு? இன்னொரு தேங்கா போட்டிருந்தா சட்னிக்காவது ஆயிருக்கும்."

பழைய ஃபைல்

மறுநாள் காலை புத்தகத்தைப் புரட்டினேன். பதினோராம் அத்தியாயத்துக்கு வந்ததும் புரட்டுவதை நிறுத்திவிட்டு வரிவரியாகப் படித்தேன். கோபம் ஆறிவிடக் கூடாதென்று, எழுதும்போது அந்த அண்ணனுக்குப் பெரியப்பாவின் பெயரையே வைத்திருந்தேன்: மாணிக்கம். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு எல்லா இடத்திலும் கதிரேசன் என்று மாற்றினேன். அச்சகத்துக்கு அனுப்பும்போது இந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் பழைய ஃபைல் போயிருக்கிறது. அதுவும் வரப்பை வெட்டுகிற அத்தியாயம்! பக்கத்துக்குப் பக்கம் மாணிக்கம்.

அம்மாவுக்கு இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு வார்த்தையையும் கெடுத்துவிட்டேனே என்று பதறிப்போனேன். அச்சகத்துக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "கதைன்னாவே பொய்தானே மேடம், யாரு கண்டுக்கப் போறாங்க?"

செருப்பைக் கழற்றாமல்

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார், கையில் புத்தகம். என்னோடு இருக்கும் அம்மா வெளியே வந்தவர், வாசற்படியைத் தாண்டாமல் நின்றுவிட்டார்.

"முழுசாப் படிச்சிட்டேன்," என்றார் பெரியப்பா. செருப்பைக் கழற்றவில்லை. "பெரியப்பா, அது தப்பா அச்சாயி..." என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார். பதினோராம் அத்தியாயத்தை விரித்துக் காட்டினார். பிறகு கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அங்கே கதிரேசன் தம்பி வீட்டுப் படியேறிப் போய், தம்பி மனைவி கையால் காபி வாங்கிக் குடிப்பான். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்: "வரப்ப வெட்றதுக்கு எம் பேரு, காபி குடிக்கிறதுக்கு மட்டும் எவனோ ஒருத்தன் பேரா?"

திருத்தம் பார்க்காமல் புத்தகம் போடாதீர்கள் என்றுதான் சொல்ல வந்தேன், அம்மா உள்ளே போய் அடுப்பில் பால் வைத்ததைப் பார்த்த பிறகு அதை அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.