ஐந்து கட்டையில் ஓர் அவஸ்தை

போன மாதம் ஒரு காலை. வாசலில் பால்காரர் வந்து நின்றார். "இன்னிக்கு ஒரு உழக்கு போதும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி முயன்றேன். எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கிறீச். பால்காரர் மிரண்டுபோய் இரண்டு உழக்கு ஊற்றிவிட்டுப் போனார்.

மற்றவர்களுக்குத் தொண்டை கட்டினால் அது ஜலதோஷம். எனக்குக் கட்டினால் புற்றுநோய்! என் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே... காபி ஆறுவதற்குள், எனக்கு நடக்கப்போகும் பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் என்ன பாயசம் என்பதுவரை யோசித்துவிட்டேன். யார் யார் அழுவார்கள் என்றும் பார்த்தேன். வெங்கடாச்சாரி அழமாட்டார். முன்பாட்டு இடம் காலியாகிறதே!

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் பஜனை. ஒரு வரியை நான் பாட, கூட்டம் திருப்பிப் பாடும். அதுதான் முன்பாட்டு. எனக்கு அடுத்தபடி வெங்கடாச்சாரி. வாரம் முழுக்க ஆபீஸில் "எஸ் ஸார்" தவிர வேறு ராகம் அறியாத ஒரு குமாஸ்தாவுக்கு, நாலு பேர் தன் பின்னால் பாடுகிற அந்தச் சாயங்காலம் எவ்வளவு பெரிய விஷயம்!

எங்கள் சுருதி ஐந்து கட்டை. சங்கீதம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன் — சாதாரண ஆண் குரலுக்கு ஒன்று, இரண்டு கட்டைதான் சௌகரியம். ஐந்து என்பது பெண்கள் பாடுகிற உயரம். பின்னே எங்களுக்கு எதற்கு? பஜனையை ஆரம்பித்த பெரியவர் ஐந்தில் பாடினார். அப்போது மைக் ஏது? தெருக்கோடிவரை கேட்க வேண்டாமா? அவர் பரமபதித்து வெகுகாலம் ஆயிற்று. மைக் வந்தது. வாசலில் புனல் ஸ்பீக்கரும் வந்தது. சுருதி மட்டும் இறங்கவில்லை. பெரியவர் வைத்த சுருதி ஆயிற்றே!

சரி, தொண்டைக்கு வருகிறேன். ஒருவர் மிளகு என்றார். ஒருவர் சித்தரத்தை. ஒருவர் அதிமதுரம். எல்லாவற்றையும் சேர்த்து மென்றேன். சாயங்காலம் தொண்டையோடு வயிறும் போயிற்று.

மறுநாள் தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கிற தொண்டை டாக்டரிடம் புறப்பட்டேன். பஸ் பாலத்தில் போகும்போது காவிரியைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வருவோமோ, மாட்டோமோ...

டாக்டர் குட்டிக் கண்ணாடி ஒன்றை விளக்கில் காட்டி, என் நாக்கை இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டுப் பார்த்தார்.

"புத்துமில்ல, ஒண்ணுமில்ல. குரல் நாண் ரெண்டும் வீங்கிச் சிவந்திருக்கு. என்னங்க தொழில்? ஏலம் விடறீங்களா?"

"கிளார்க்."

"வீட்ல சண்டையா?"

"பஜனை."

"ஓ! எங்க, கழுத்துல கை வச்சுக்கிட்டு உச்சத்துல பாடுற மாதிரி பாவனை பண்ணுங்க. சத்தம் வேணாம்."

செய்தேன். குரல்வளை மேடு விறுவிறுவென்று ஏறித் தாடையில் போய் ஒளிந்துகொண்டது.

"இப்ப கொட்டாவி விடுங்க."

விட்டேன். மேடு சமர்த்தாகக் கீழே இறங்கியது.

"பாத்தீங்களா? இது மேல ஏறினா சுத்தியிருக்கிற தசையெல்லாம் இறுகிப்போயிடும். உங்க கழுத்தை நீங்களே நெரிச்சுக்கறீங்க. அதுக்காகக் கீழ பிடிச்சு அமுக்கவும் கூடாது. சும்மா விடணும். எந்தச் சுருதியில இது ஏறாம பாட வருதோ, அதுதான் உங்க சுருதி. ஒரு வாரம் மௌனம். கனைக்கக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது."

"மார்கழி வருதே டாக்டர்..." என்று கிசுகிசுத்தேன்.

முறைத்தார். "இன்னொரு மார்கழி இதே மாதிரி பாடினீங்கன்னா, அப்புறம் மத்தவங்க பாடத்தான் நீங்க கேக்கணும்."

வீட்டில் என் மௌனத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். "அந்த டாக்டருக்கு ஒரு நமஸ்காரம் பண்ணணும்" என்றாள் என் மனைவி.

வாரம் முடிந்ததும் அவள் பாடும்போது வைத்துக்கொள்கிற சுருதிப்பெட்டியை எடுத்துவைத்து, கழுத்தில் விரலோடு பாடிப் பார்த்தேன். ஐந்தில் மேடு ஏறியது. நாலில் ஏறியது. மூன்றிலும் ஏறியது. ஒன்றரையில்... அசையவில்லை! குரல் தன் பாட்டுக்கு வந்தது. தேன் என்று சொல்லமாட்டேன். வெல்லம்.

"அஞ்சு கட்டை என்னோட சுருதியாச்சே," என்றாள் அவள். "அதுல நீங்க எதுக்கு வந்து முட்டிக்கறேள்?"

நியாயம்தான். ஆனால் அதைச் சபையில் போய்ச் சொல்வது யார்? ஐந்தில் நின்றவன் ஒன்றரைக்கு இறங்கினால் சிரிக்கமாட்டார்களா? வெங்கடாச்சாரி விடுவாரா? டாக்டரின் கண்ணாடிக்குப் பயந்ததைவிட இதற்கு அதிகம் பயந்தேன்.

சனிக்கிழமை. ஆர்மோனியக்காரர் கிட்டு வழக்கப்படி ஐந்தில் விரலை வைத்தார்.

"கிட்டு... ஒண்ணரைக்கு இறக்குங்கோ."

கூடத்தில் ஜால்ரா நின்றது.

"ஒண்ணரையா? அது எங்க இருக்குன்னே மறந்துபோச்சே சுவாமி!"

நான் நினைத்தபடியே சிரிப்பு. நான் நினைத்தபடியே வெங்கடாச்சாரி எழுந்தார். முடியாவிட்டால் இடத்தை விடும் என்று சொல்லப்போகிறார்... கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன் ஓய், இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? ஞாயித்துக்கிழமை ஆனா எனக்குப் பேச்சே வரதில்லை. நீர் அஞ்சுல நிக்கறீரே, நான் எப்படி இறங்கறதுன்னு உசிரைக் கொடுத்துண்டிருக்கேன்!"

"நீர் நிக்கறீரேன்னுதானே ஓய் நான் நின்னேன்!"

பின்வரிசையில் ஒருவர், ஐந்தில் கத்தினால் காதில் ஊசி குத்துகிற கதையைச் சொன்னார். இன்னொருவர் ஆறு மாதமாக வாயை மட்டும் அசைப்பதாக ஒப்புக்கொண்டார். கிட்டு துருத்தியை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பெரியவரே கடைசியில என் காதோட, 'நாலுக்கு இறக்கேண்டா'ன்னு கேட்டார். இறக்கப் போனேன். வேண்டாம், எல்லாரும் ஏமாந்துபோவான்னு கையைப் பிடிச்சுட்டார்."

சொல்லிவிட்டு, ஒன்றரையைத் தேடிப்பிடித்து விரலை வைத்தார்.

அன்றைக்கு ஒன்றரையில் பாடினோம். ஒரு கழுத்திலும் நரம்பு புடைக்கவில்லை. தெருக்கோடிக்கும் கேட்டதாம் — அதுதான் ஸ்பீக்கர் இருக்கிறதே!

நீங்களும் எங்கேயாவது யாருக்காகவோ ஐந்து கட்டையில் நிற்கிறீர்களா? தைரியமாக இறங்குங்கள் ஸார். சிரித்தாலும் ஒரு நிமிஷம்தான்... அவரவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்!