மச்சானின் உயரத்துக்கு வைத்த சீற்

அந்தச் சைக்கிளில் சீற்றைத் தாங்கும் தண்டும் சட்டமும் சேரும் இடத்தில், வெல்டிங் உருகி இறுகிய ஒரு கரடு இருந்தது. அதன்மேல் யாரும் பெயின்ற் பூசவில்லை. மழைக்குத் துருவேறி, துடைக்கும்போது விரலைக் கீறும். மற்றவர்களுக்குப் படித்த காலம் என்றதும் சிநேகிதிகள் நினைவுக்கு வருவார்களாம். எனக்கு வருவது அந்தக் கரடும், அதை வைப்பித்த என் மாமாவும்தான்.

அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, என்னை நீர்வேலியில் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். மாமாவுக்கு வாழைத் தோட்டம் இருந்தது. எனக்குச் சோறு போட்டார், தீபாவளிக்கு உடுப்பு எடுத்துத் தந்தார், ஒரு நாளும் கை நீட்டி அடிக்கவில்லை. தங்கமான மனிதர் என்று ஊர் இன்றைக்கும் சொல்லும். ஊருக்கென்ன, அது என் கெண்டைக்காலைப் பார்க்கவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கச் சுன்னாகத்து ரியூட்டரி வகுப்புகளுக்கு நான் போய் வந்தது மச்சானின் சைக்கிளில். மாமாவின் மகனான மச்சான் அப்போது கனடாவில் இருந்தான். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போன பிள்ளையின் அறையைப் பூட்டி வைப்பார்கள், கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவார்கள், அவன் நாளைக்கே வந்து இறங்குவான் என்பதுபோல எல்லாம் வைத்தபடி இருக்க வேண்டும். மாமா வீட்டில் அந்த மரியாதை சைக்கிள் சீற்றுக்கும் இருந்தது. மச்சான் நெட்டையன். நான் அவன் தோளுக்கும் வரமாட்டேன்.

"சீற்றைத் தொடக்கூடாது. அது தம்பியின்ரை அளவு. அவன் வந்தா ஓடவேணும்" என்று முதல் நாளே மாமா சொல்லிவிட்டார். மகனை அவர் தம்பி என்றுதான் சொல்வார்.

பெடல் கீழே போகும்போதெல்லாம் நுனிவிரலால் எட்டிப் பிடிக்க வேண்டும். இடுப்பை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் சரித்துச் சரித்து ஓடுவேன். சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பு ஒன்றும் செய்யாது. நோதான் செய்தது. முதலில் கெண்டைச் சதை இறுகும். பிறகு அது குதிக்காலுக்கு மேலேயுள்ள நரம்பில் இறங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் கால் ஊன்றினால் கண்ணீர் வரும். மாமி இரக்கப்பட்டு எருக்கிலையை வாட்டி ஒத்தடம் கொடுப்பார். வீங்கிய இடத்தில் சூடு பட்டதும் இன்னும் வீங்கும். இது படிக்காமல் இருக்க நான் செய்யும் கள்ளம் என்பது மாமாவின் முடிவு.

ஒருநாள் சிநேகிதியின் லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கி ஓடினேன். பாதம் முழுவதும் பெடலில் பதிந்தது. அன்று நோ வரவில்லை. காரணம் அவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஆட மாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார்.

மறுநாள் ரியூட்டரி வாசலில் நட்டுக் கழற்றும் சாவி ஒன்று இரவல் வாங்கிச் சீற்றைக் கீழே பதித்தேன். ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை அந்தச் சுகம். மாமா கண்டுவிட்டார். சத்தம் போடவில்லை. வா என்று என்னையும் கூட்டிக்கொண்டு வெல்டிங் கடைக்குப் போனார். சீற்றைப் பழைய உயரத்துக்கு ஏற்றி, தண்டைச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டச் சொன்னார். ஆடாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பிறகு இறக்க வேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும் என்று கடைக்காரர் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார்.

"இறக்கிறதுக்கு இஞ்சை ஆரும் இல்லை" என்றார் மாமா.

பரீட்சைக்குக் கொஞ்சக் காலம் இருக்கையில் கால் நிலத்தில் வைக்க முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைச் சைக்கிள் ஓடுவதுபோலக் காலை ஆட்டிக் காட்டச் சொன்னார். பார்த்ததுமே காரணத்தைப் பிடித்துவிட்டார். சீற் உயரம், அதனால் விரல்நுனியால் எட்டி எட்டிச் சதையும் குதிநரம்பும் இழுபட்டிருக்கின்றன என்றார். சீற்றைப் பதிக்க வேண்டும், சூடு வைக்காமல் ஐஸ் வைக்க வேண்டும், வீக்கம் வற்றும்வரை ஓய்வு, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை மெல்ல நீட்டிப் பழக வேண்டும். மாமா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். டொக்டரே ஓய்வு என்று சொல்லிவிட்டார், இனி வகுப்பு வேண்டாம் என்று சைக்கிளைப் பூட்டி வைத்தார். மாமி சொல்லிப் பார்த்தார், அம்மா தொலைபேசியில் அழுது பார்த்தார். விலங்கியலும் இரசாயனமும் எனக்குக் கைவிட்டுப் போயின. தாதியாக வேண்டும் என்றிருந்தவள், சுன்னாகத்தில் ஒரு புடைவைக்கடையில் துணி மடித்தேன். கல்யாணமும் அந்த ஊரிலேயே முடிந்தது. அம்மா எனக்கென்று அனுப்பிய காசெல்லாம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

மச்சான் ஒருமுறை வந்தான். வாடகைக்கு வான் பிடித்து வந்து, அதிலேயே திரும்பிப் போனான். சைக்கிள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. தனக்குப் பிள்ளை பிறந்ததும் மாமியையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டான்.

பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாத காலம் வந்தது. மாமாவின் மோட்டார் சைக்கிள் படுத்துவிட்டது. வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற ஒவ்வொரு நாளும் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். மகனின் சைக்கிளை வெளியே எடுத்தார். மாமா என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். சீற்றை வெட்டி இறக்கலாம் என்றால், திரும்ப ஒட்டுவதற்கு வெல்டிங் கடையில் கரண்ட் இல்லை. நுனிவிரலால் எட்டி எட்டி, இடுப்பைச் சரித்துச் சரித்து அவர் ஓடிப் போவதைச் சுன்னாகத்துக்கு வந்த ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்டு, வீட்டுக்குள் போய்த் தனியாகச் சிரித்தேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மாமா ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது போனேன். கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். குதிக்காலுக்கு மேலே என்னுடையதைப் போலவே வீங்கியிருந்தது. எண்ணெய்ப் போத்தலை என் கையில் தந்து, சீற் பொல்லாத உயரமடி பிள்ளை, எட்டுதில்லை, ஊசியால் குத்துகிற மாதிரி நோகுது என்று எனக்குத் தெரியாத புதினம் சொல்வதுபோலச் சொன்னார். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இத்தனை வருசமும் அந்தப் பழமொழியை நம்பித்தான் நான் இருந்திருக்கிறேன். எண்ணெயை உரசிவிட்டுக்கொண்டே சொன்னேன்.

"இதைத்தான் மாமா நான் அப்ப உங்களிட்டைச் சொன்னனான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"ஓம், நீ சொன்னனிதான். அது உன்ரை காலெல்லோ" என்றார். சொல்லிவிட்டு மற்றக் காலையும் என் பக்கம் நீட்டினார்.